நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொடுத்தவன்

கட்டத்தில் டிக் போடாவிட்டால் படிவம் போகாதாம்.

போன மாதம் எங்கள் சபையின் புது ஐயர் எல்லார் போனுக்கும் ஒரு படிவம் அனுப்பினார். (வெளியார் படித்தால் குழம்ப வேண்டாம். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்.) உறுப்பினர் விவரத்தைப் புதுப்பிக்கிறார்களாம். பெயர், முகவரி, ரத்த வகை, ஞானஸ்நானம் எந்த ஊரில், திடப்படுத்தல் எந்த ஊரில். எல்லாவற்றையும் நிரப்பினேன். கடைசியில் ஒரு சதுரக் கட்டம். பக்கத்தில், ‘நான் ஆண்டவரை நேசிக்கிறேன்’ என்று இருந்தது. அதைத் தொடாமல் அனுப்பப் பார்த்தேன். சிவப்பு எழுத்தில் ‘இது கட்டாயம்’ என்று வந்தது.

எனக்கு வந்த கோபத்தில் போனைத் தூக்கிக் கட்டிலில் போட்டேன். என் மனைவி, “டிக் போட்டுத் தொலைய வேண்டியதுதானே, கை என்ன சுளுக்கிக்குமா?” என்றாள். இதே சமயத்தில் சபை மலருக்கு என் ஊழிய அனுபவத்தை எழுதித் தரச்சொல்லிச் செயலாளர் கேட்டார். நல்லது. படிவத்துக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். சபையில் எழுந்து சொல்லும் சாட்சி மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு இன்னும் புரியாத விஷயத்தை எழுதுகிறேன்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துச் சபைகளில் இருபத்தெட்டு வருடம் உபதேசியாராக இருந்தேன். உபதேசியார் என்றால் ஐயருக்குக் கீழே இருக்கும் ஆள். ஐயர் செய்யாததையெல்லாம் அவர் செய்வார். வீடு சந்திப்பது, நோயாளியைப் பார்ப்பது, வகுப்பு எடுப்பது, நாற்காலி போடுவது. இந்த வேலைக்கு நான் ஏதோ அழைப்புக் குரல் கேட்டு வந்தவன் இல்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் இரும்பு கடையும் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். பட்டறையை மூடிவிட்டார்கள். சபைக்குத் திருத்தமாகப் படிக்கத் தெரிந்த, குரல் உள்ள ஆள் வேண்டும் என்றார்கள். எனக்கு இரண்டும் இருந்தது. இரண்டு வருடம் பயிற்சி. கடவுள் இருக்கிறார் என்பதற்கு ஏழு காரணம் சொல்லிக்கொடுத்தார்கள். ஏழும் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. பயிற்சியைப் பற்றி இவ்வளவு போதும்.

வேலையில் சேர்ந்த முதல் வருடம் ஆவடியில் ஒரு பெரியவர் சாகக் கிடந்தார். பெரிய கேன்டீனில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும், “உபதேசியாரே, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. நான் கெளம்பிக்கினு கீறேன். அங்க போய் எறங்கறதுக்குள்ள தெரிஞ்சிக்கலாம்னு. அவரு ஆளு எப்டி?” என்றார்.

“சர்வ வல்லமை உள்ளவர். எங்கும் நிறைந்தவர். எல்லாம் அறிந்தவர்.”

“அது போர்டுல எழுதி மாட்டறது. உனக்கு அவரோட பழக்கம் உண்டா, இல்லியா?”

எனக்குச் சுருக்கென்றது. “பேசாமப் படுங்க, ஜெபிக்கலாம்” என்று அதட்டினேன். மனப்பாடமான ஜெபத்தைச் சொல்லி முடித்து எழுந்து வந்துவிட்டேன். இரண்டு நாளில் அவர் போய்விட்டார். அடக்க ஆராதனையில் நான்தான் வாசித்தேன். குரல் நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

என் வேலையில் எனக்குப் பெருமை உண்டு என்றால் அது திடப்படுத்தல் வகுப்பில்தான். குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் வளர்ந்தபின், ‘ஆமாம், இது என் விசுவாசம்தான்’ என்று பேராயர் முன்னால் முழங்கால் போட்டுச் சொல்வது திடப்படுத்தல். அதற்குப் பிறகுதான் திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கலாம். சனிக்கிழமை நாலு மணிக்கு, கோயிலுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறையில் வகுப்பு. பன்னிரண்டு வாரம். முதலில் ஜெபம், பிறகு கற்பனைகள் என்கிற பத்துக் கட்டளைகள், பிறகு விசுவாசப் பிரமாணம், கடைசியில் கேள்வி பதில். கேள்வியை நான் முடிக்கும் முன் பதில் வர வேண்டும். திக்கினால் முதலிலிருந்து. காதைத் திருகுவேன், வெளியே நிறுத்துவேன். என் வகுப்பில் படித்த ஒருவரைக்கூட எந்த ஐயரும் திருப்பி அனுப்பியதில்லை. லேத்தில் கடைந்த உருப்படி அளவுக் கருவியில் சரியாக உட்கார்ந்தால் வரும் பாருங்கள் ஒரு திருப்தி, அதேதான்.

அப்போது பூந்தமல்லிப் பக்கத்துச் சபைக்கு ஞானாபரணம் ஐயர் வந்தார். மெலிந்த மனிதர். சத்தம் போடவே மாட்டார். பேராயர் வருவதற்கு முந்தின நாள் மாலை பக்க அறையில் ஒவ்வொருவரையும் தனியாகச் சோதிப்பார். நான் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு அவர் தோள்பட்டைக்குப் பின்னால் நிற்க வேண்டும். வருகிறவரை உட்காரச் சொல்வார். நான் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றைக்கூடக் கேட்கமாட்டார். அது சரியாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். கழற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி.

“நீ ஆண்டவரை நேசிக்கிறியா?”

புத்தகத்தில் இல்லாத கேள்வி. அவர்கள் பதில் சொன்னதும் உடனே எதுவும் சொல்லமாட்டார். அங்கியின் ஓரத்தால் வலது கண்ணாடியைத் துடைப்பார். அப்புறம் இடது கண்ணாடி. அந்த நேரம் முழுக்க அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். துடைத்து முடித்துப் போட்டுக்கொண்டபின்தான் பதிவேட்டை வாங்கிப் பெயரை எழுதுவார். “கேக்கும்போது கண்ணாடியை எதுக்கு ஐயா கழட்டுறீங்க?” என்று ஒருமுறை கேட்டேன். “முகம் சரியாத் தெரியலன்னா பதில் நல்லாக் கேக்குது” என்றார்.

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. பதில் இல்லாத கேள்வியை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? ஆனாலும் இரண்டாவது வருடத்திலிருந்து கேள்வி பதிலின் கடைசியில் அதையும் சேர்த்துக்கொண்டேன். ‘ஐயர் கேட்பார். நேசிக்கிறேன் ஐயா என்று சொல். துடைத்து முடிக்கிற வரைக்கும் நெளியாதே.’ எல்லாரும் ஒழுங்காகச் சொன்னார்கள்.

பிறகு குணசுந்தரி வந்தாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “பேரையும் போட்டுக்கோங்க, நான் இன்னா திருடனேனா?” என்றாள்.

பாரிவாக்கத்தில் நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பெண். சென்னீர்குப்பத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் எங்கள் சபைப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு, அப்போதே ஞானஸ்நானமும் பெற்றவள். எஸ்டேட்டில் துணி ஏற்றுமதிக் கம்பெனியில் பட்டன் வைக்கும் வேலை. நாற்பது வயதுக்கு மேல், பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் என் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள்.

அவள் வந்த காரணம் அவள் மாமியார் எஸ்தரம்மாள். இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கை. அப்படிப்பட்டவர்களுக்கு மாதம் ஒருமுறை வீட்டுக்கே திருவிருந்து கொண்டுபோவோம். சின்ன மரப்பெட்டி, அதில் உள்ளங்கை அகலத்தில் தட்டு, விரல் உயரத்தில் கிண்ணம், வெள்ளைத் துணி. பெட்டியைத் தூக்குவது என் வேலை. வீட்டில் திடப்படுத்தல் பெற்றவர் யாராவது இருந்தால் நோயாளியோடு சேர்ந்து வாங்கலாம். மகன் திடப்படுத்தல் பெறாதவன், ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவை விட்டு இறங்காதவன். கிழவி ஒவ்வொரு மாதமும் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு மருமகளைப் பார்த்துப் புலம்பும். “எல்லா சோத்தையும் ரெண்டு பேரா துன்றோம், இத மட்டும் நான் அநாத மாரி தனியா துன்னணுமா?” கிழவிக்கு அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் வந்தாள்.

பாடமெல்லாம் பிள்ளைகளைவிட வேகமாகப் படித்தாள். பட்டன் வைத்துக்கொண்டே மனதுக்குள் சொல்லிப் பார்ப்பாளாம். பதினோராவது வாரம் ஐயரின் கேள்விக்கு வந்தோம்.

“நேசிக்கிறேன் ஐயான்னு சொல்லு.”

“அது எப்டி சொல்றது?” என்றாள்.

“வாயாலதான்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “உபதேசியாரே, அவரு கீறாருன்னு நம்பறேன். பூமியப் படைச்சாரு, சிலுவைல செத்தாரு, எல்லாம் நம்பறேன். நேசிக்கிறியான்னா... இப்ப எங்க அத்தைக்குப் பதினெட்டு வருசமா எல்லாம் செய்யறேன். மூணு வருசமா பீ மூத்திரம் அள்றேன். அத்தை மேல ஆசையா கீறியான்னு எவனாச்சும் கேட்டா இன்னா சொல்வேன்? தெரியாதுன்னுதான் சொல்வேன். அதே மாரிதான் இதுவும். பாதி நாளு அவரப் புடிக்கவே இல்ல எனக்கு. அத அவருகிட்டயே சொல்லிக்கினுதான் கீறேன்.”

பன்னிரண்டு வாரத்தில் பதினோரு வாரம் முடிந்துவிட்டது. இருபத்து மூன்று பேர் என்று பேராயர் அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது. எனக்குத் தலை சூடேறியது. பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவளை மட்டும் நிறுத்தினேன்.

“இதெல்லாம் ஒரு முறைமை. எல்லாரும் சொல்றாங்க, நீயும் சொல்லு. அத்தைகூட உக்காந்து வாங்கணுமா, வேணாமா?”

“அப்ப பொய் சொல்லணுமா?”

“பொய் இல்ல. பதில்.”

இந்த வார்த்தையை நான் சொன்னேன். எவ்வளவு யோசித்தாலும் இதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

சோதனை நாளில் ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். கேட்டார். “நேசிக்கிறேன் ஐயா” என்றாள், பிசிறில்லாமல். ஐயர் வலது கண்ணாடியைத் துடைத்தார். இடது கண்ணாடியைத் துடைத்தார். திரும்பவும் வலது கண்ணாடியைத் துடைத்தார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை. பிறகு பதிவேட்டுக்குக் கையை நீட்டினார். கொடுத்தேன். எழுதினார்.

மறுநாள் பேராயர் அவள் தலைமேல் கைவைத்தார். எல்லாரும் திருவிருந்துக்காகப் பீடத்தின் கிராதித் தடுப்பு முன்னால் வரிசையாக முழங்கால் போட்டார்கள். நான் கிண்ணம் துடைக்கும் துணியோடு பக்கத்தில் நடந்தேன். அப்பம் அவளிடம் வந்தபோது அவள் கையை விரிக்கவில்லை. இரண்டு கையையும் மூடி நெஞ்சோடு வைத்திருந்தாள். பேராயர் ஒரு கணம் நின்றார். அடுத்தவருக்குப் போய்விட்டார்.

ஆராதனை முடிந்து வண்டி நிறுத்தும் இடத்தில் அவளைப் பிடித்தேன். “என்ன இது, அவமானமா? எதுக்காகப் பன்னிரண்டு வாரம் படிச்சே?”

அவள் கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “முன்ன அவருகிட்ட தெனமும் பேசுவேன், உபதேசியாரே. கம்பெனி பஸ்ல போறப்ப, ‘இன்னா நீ, கெழவிய இப்டிப் போட்டு வச்சிகீற, உன்ன எனக்குப் புடிக்கல’ன்னு திட்டுவேன். நேத்து ராத்திரி திட்டலாம்னு வாயத் தொறந்தா வரல. புடிக்கும்னு அவரு ஊட்ல நின்னு சொல்லிட்டேனே. இனிமே எந்த மூஞ்ச வச்சிக்கினு திட்டுவேன்? ஐயர இன்னொரு தபா கேக்கச் சொல்லுங்க. உண்மைய சொல்லிடறேன்.”

“பேரெழுதியாச்சு” என்றேன். எனக்கு வேலை போய்விடும் என்ற பயம். அதை அவளிடம் சொல்லவில்லை.

வீட்டுத் திருவிருந்திலும் இதேதான். மரப்பெட்டியைத் திறப்போம். கிழவி வாங்கும். குணசுந்தரி கையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கிழவி முதல் மாதம் திட்டியது. இரண்டாம் மாதம் அழுதது. மூன்றாம் மாதம் அப்பத்தை ரொம்ப நேரம் மென்றது. நான் பெட்டியை மூடினேன். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை.

அன்று திரும்பியதும் ஐயர் என்னைப் பக்க அறையில் உட்காரச் சொன்னார். எப்போதும் நிற்கும் இடத்தில் உட்கார எனக்குச் சங்கடமாக இருந்தது.

“குணசுந்தரிக்கு என்ன சொல்லிக்கொடுத்தீங்க?”

“பாடம்தான் ஐயா.”

காத்திருந்தார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

“நேசிக்கிறேன்னு சொல்லச் சொன்னேன்.”

“தெரியும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ராகத்துல சொல்லிச்சு. எல்லாம் உங்க குரல்.”

“தெரிஞ்சுமா பேர் எழுதினீங்க?” என் குரல் உயர்ந்துவிட்டது. ஐயரிடம் நான் கத்தியது அந்த ஒருமுறைதான்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “இருபத்து மூணுன்னு சொல்லி அனுப்பியாச்சு. பேராயர் வர்றார். நானும் எழுதிட்டேன்.” பிறகு, “நான் போய்க் கேட்டா அதே பதில்தான் வரும். சொல்லிக்கொடுத்தவர் நீங்க, நீங்க போங்க” என்றார்.

என்ன செய்வதற்குப் போக வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை. மறுநாள் மத்தியானம் மொபெட்டை எடுத்துக்கொண்டு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவரைத் திட்டிக்கொண்டே சென்னீர்குப்பம் போனேன். அவரை என்றால் ஐயரை. ஐயரை மட்டுமா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வாசலில் நின்றேன். உள்ளே கிழவியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “சுடுது, சுடுது, கொல்லப் பாக்கறியா?” என்றது கிழவி. “ஆமா, இன்னிக்கிதான் நாள் பாத்தேன், முதுகக் காட்டு” என்றாள் இவள். கொஞ்ச நேரத்தில் வாளியோடு வெளியே வந்தாள்.

“நான் செஞ்சது தப்பு” என்றேன். இதைச் சொல்லிப் பழக்கமில்லாததால் சத்தமாக வந்துவிட்டது.

“சரி. அதுக்கு இன்னா பண்றது இப்ப?”

“அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடு. ஐயர் கேக்க வேண்டியதில்ல. நேரா சொல்லிடு.”

“எனக்கு வெக்கமா கீது. நீங்கதான கத்துக் குடுத்தீங்க, நீங்களே சொல்லுங்க.”

வாளி நடுவில் இருக்க, எதிரெதிரே நின்றுகொண்டு கண்ணை மூடினேன். “சர்வ வல்லமையுள்ள பிதாவே” என்று ஆரம்பித்ததும் ஆவடிப் பெரியவர் ஞாபகம் வந்துவிட்டது. நிறுத்திவிட்டேன். இருபது வருடத்துக்கு மேல் ஆயிரம் வீட்டில் ஜெபித்தவன், அடுத்த வார்த்தை தெரியாமல் நின்றேன். கடைசியில், “ஆண்டவரே, இந்தம்மா உம்மை நேசிக்கிறேன்னு சொன்னது பொய். சொல்ல வச்சவன் நான். நான் நேசிக்கிறேனான்னு...” என்றேன். அதற்குமேல் வரவில்லை.

குணசுந்தரி அங்கிருந்து எடுத்துக்கொண்டாள். “இன்னா கேட்டுச்சா? புடிக்கலன்னும் சொல்லல நானு. புடிக்குதான்னு தெரியல. தெரிஞ்சா சொல்றேன். அதுவரிக்கும் என்னத் திட்ட உடு.”

உள்ளேயிருந்து கிழவி கத்தியது. “இன்னாடி அங்க, ஜெபமா பஞ்சாயத்தா?”

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். நான் ஆமென் சொல்ல மறந்து வண்டியை எடுத்தேன்.

அடுத்த மாதம் பெட்டியோடு போனோம். கிழவிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஐயர் அப்பத்தைப் பாதியாக்கி அதன் கையில் வைத்தார். பிறகு பழக்கத்தில் ஒரு கணம் குணசுந்தரி முன்னால் நின்றார். அவள் கையை விரித்தாள். ஐயர் இன்னொரு துண்டை எடுத்தார். வைத்தார். மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் வாயில் போட்டுக்கொண்டார்கள். கிழவி மென்றுகொண்டே, “மெதுவா துன்னுடி” என்றது.

வெளியே வந்து செருப்புப் போடும்போது மெதுவாகக் கேட்டேன். “என்ன, தெரிஞ்சுதா?”

“இன்னா தெரிஞ்சுது?”

“நேசிக்கிறியான்னு.”

“அதெல்லாம் தெரியல. கெழவி தனியா துன்னுது. பாத்துக்கினு இருக்க முடியல, வாங்கிக்கினேன்.”

இதுதான் எனக்குப் புரியாதது. அவள் சொன்னதில் ஆண்டவர் எங்கேயும் இல்லை. ஏழு காரணத்தில் ஒன்றும் இல்லை. வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிப் பதில் சொல்லியிருந்தால் வெளியே நிறுத்தியிருப்பேன். ஆனால் அவள் கை விரிந்ததை நான் பார்த்தேன். ஐயரும் பார்த்தார்.

இன்னொன்றும் நடந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. அவர்கள் இருவருக்கும் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் கடைசியில் ஐயர் என் பக்கம் திரும்பினார். என் கை தானாக நீண்டது. தாழ்ப்பாளைத் திறந்தால் கதவு திறக்கிற மாதிரி. அத்தனை வருடமும் அது அப்படித்தான் நீண்டுகொண்டிருந்தது. ஒருமுறைகூட மூடலாமா என்று அது யோசித்ததில்லை. அப்பத்தை வாங்கி வாயில் போட்டேன். என்னையும் யாராவது ஒரு நாள் உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டே விழுங்கினேன். இருபத்தெட்டு வருடத்தில் யாரும் கேட்கவில்லை. உபதேசியாரை யார் கேட்பார்கள்? என் மனைவிதான் ஒருமுறை சொன்னாள். “நீங்க ஆண்டவர் வீட்டுக்கு வாட்ச்மேன். வாட்ச்மேனுக்கு முதலாளி மேல பிரியம் இருந்தாகணும்னு சட்டமா?” கோபம் வந்தது.

எஸ்தரம்மாள் அந்த வாரமே போய்விட்டாள். அடக்கத்தில் குணசுந்தரி மேலே பார்த்துக் கையை நீட்டி நீட்டித் திட்டியதைச் சபையார் பலர் பார்த்திருப்பீர்கள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். எனக்கு என்னவோ நிம்மதியாக இருந்தது. ஞானாபரணம் ஐயர் அடுத்த வருடத்திலிருந்து ஆள் கணக்கை முன்கூட்டியே பேராயருக்கு அனுப்பவில்லை. நான் அந்தக் கேள்வியை வகுப்பில் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தினேன். அதற்கப்புறம் சில பிள்ளைகள் ஐயர் முன்னால் விழித்தார்கள். ஒருத்தன் அழுதான். எல்லார் பெயரையும் எழுதினாரா என்று கேட்காதீர்கள். அது அவருக்கும் அவர்களுக்கும் இடையில்.

போன ஞாயிறு குணசுந்தரியைக் கோயில் வாசலில் பார்த்தேன். அந்தக் கட்டத்தில் டிக் போட்டாயா என்றேன்.

“என் பொண்ணுதான் எல்லாம் அமுக்கினா. எனக்கு இன்னா தெரியும்? தெரியணும்னா ஐயர வந்து கேக்கச் சொல்லுங்க, நேர்ல சொல்றேன்.”

“என்ன சொல்லுவே?”

“அது அன்னிக்கி எப்டி கீதோ அப்டி.”

புது ஐயர் அவர்களுக்கு. என் படிவம் இன்னும் பாதியில் நிற்கிறது. ரத்த வகை வரைக்கும் சரி. கடைசிக் கட்டத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள். நான் உட்காருகிறேன், நீங்கள் கேளுங்கள். உங்களுக்குக் கண்ணாடி இல்லை, பரவாயில்லை, வேறு எதையாவது துடையுங்கள். ஆனால் இரண்டு பக்கமும் துடைத்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. ஒருவரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.